இறங்கும் வழி

உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருவார்கள். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நான் அங்கே போனது ஒரு பெட்டியைத் திறக்க.

பெட்டி என் பெரியப்பாவினுடையது. தொண்ணூறு வயது வாழ்ந்து, அந்தத் தை மாதத்தில்தான் அவர் கண்ணை மூடினார். உத்திரமேரூரை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மூன்று சகோதரர்களுக்குப் பொதுவான அந்த நிலத்தை ஐம்பது ஆண்டுக் காலம் பெரியப்பா ஒருவரே பார்த்துக்கொண்டார். எது யார் பங்கு, எந்தக் காணி யாரிடம் அடமானத்தில் இருக்கிறது, எந்தக் கடன் தீர்ந்தது, எது தீரவில்லை என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. மிச்சம் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். சாவி கடைசி நாள் வரையில் அவருடைய அரைஞாணிலேயே கிடந்தது. பிறகு பெரியம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பங்காளிகள் எல்லாரும் வந்த பிறகுதான் திறப்பது என்று சொல்லிவிட்டாள்.

எட்டாந் தேதி பகலுக்குள் எல்லாரும் வந்துவிடுவதாக ஏற்பாடு. காலையில் வேலை ஒன்றும் இல்லாததால் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டினேன். பெங்களூர்ச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. மேகா-டிராபிக்ஸ் என்ற கிழட்டுச் செயற்கைக் கோளை முதல் நாள் மாலை இஸ்ரோ விஞ்ஞானிகள் பசிபிக் மகா சமுத்திரத்தின்மேல் இறக்கி, காற்று மண்டலத்தில் எரிந்துபோகச் செய்துவிட்டார்களாம். சாவு விஷயமாக வந்த வீட்டில் இன்னொரு சாவுச் செய்தியா என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பப் போனேன். ஆனால் அதில் கண்டிருந்த ஒரு விவரம் என்னைத் திருப்ப விடவில்லை. அதைச் சொல்லுமுன் அந்தக் கோளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேகா என்பது நம்முடைய மேகந்தான். டிராபிக்ஸ் என்பது வெப்ப மண்டலத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் பெயர். இந்தியாவும் பிரான்சும் கூட்டாகச் செய்து, 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியது. எடை ஏறத்தாழ 1,000 கிலோ. இருந்த உயரம் 867 கிலோமீட்டர். பூமியைக் கவனிக்கும் கோள்களில் பல, துருவத்துக்குத் துருவம் நெட்டுக்குத்தாகச் சுற்றுகின்றன. இது அப்படி அல்ல. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருபது பாகை, தெற்கே இருபது பாகை என்ற வரம்புக்குள், வேட்டிக் கரை மாதிரி பூமியின் இடுப்பை ஒட்டியே வளைய வந்தது. மழையும் புயலும் பிறக்கும் பிரதேசம் அதுதானே? ஒரு சுற்றுக்கு சுமார் 102 நிமிஷம். நாளொன்றுக்குப் பதினான்கு சுற்று. அதாவது நமக்கு ஒரு பொழுது விடிந்து மறுபொழுது விடிவதற்குள் அதற்குப் பதினான்கு தடவை விடிந்து சாயும். உத்திரமேரூர் பன்னிரண்டரைப் பாகை அளவில் இருப்பதால், எங்கள் ஏரியும் அதன் பார்வைக்குள் அடக்கம்.

அதில் முக்கியமான கருவிகள் நான்கு. ஒன்றின் பெயர் மெட்ராஸ்! நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் அப்படி வரும்படி யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். மழையையும் மேகத்தையும் அளப்பது அதன் வேலை. சஃபீர் என்பது இரண்டாவது. காற்றில் எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அடுக்கடுக்காகப் பார்ப்பது. ஸ்காரப், வெயிலாக வந்த வெப்பத்தில் பூமி எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று கணக்கெடுப்பது. ரோசா என்பது இத்தாலியக் கருவி. வேறு கோள்களின் சமிக்ஞை காற்று மண்டலத்தில் வளைவதை வைத்து அதன் நிலையை அறிவது. இவற்றில் தலைமகன் மெட்ராஸ்தான். கோளையே அதற்காகத்தான் விட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். அந்தத் தலைமகன் 2013 ஜனவரியில், ஒன்றேகால் வருஷத்தில், சுழலும் உறுப்பில் கோளாறு ஏற்பட்டுப் படுத்துவிட்டான். பின்பு எழுந்திருக்கவே இல்லை.

நம் குடும்பங்களில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. பெரிய பிள்ளை படுத்துவிட்டால் யாரும் எதிர்பார்க்காத சின்னப் பிள்ளை நுகத்தடியில் கழுத்தைக் கொடுப்பான். சஃபீர் வேலையைத் தொடர்ந்து செய்தது. அது தந்த ஈரக் கணக்கை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வானிலை முன்னறிவிப்பாளர்கள் தினசரி எடுத்துப் பயன்படுத்தினார்கள். கோளுக்குக் குறித்திருந்த ஆயுள் மூன்று ஆண்டு. 2021 வரையில், பத்தாண்டுக் காலம், அது தகவல் அனுப்பியது.

இந்தப் பத்தாண்டு உத்தியோகம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் பூமியின் நிழலில் போக வேண்டும். வெயிலில் சேமித்த மின்சாரத்தை இருட்டில் செலவழிக்க வேண்டும். மீண்டும் வெயில், மீண்டும் நிழல். கீழே நிலையத்தில் இருப்பவர்கள் மின்கலத்தின் சூட்டைப் பார்ப்பார்கள். முகம் பூமியை நோக்கி நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேர்ந்த தகவலை இறக்கிக்கொள்வார்கள். அடுத்த கட்டளையை ஏற்றி அனுப்புவார்கள். அவ்வளவுதான். சந்திரனுக்குப் போன கலத்துக்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடையாது. தினம் பால் கறக்கிறவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

இதில் என் மனசைத் தொட்ட சின்ன விஷயம் ஒன்று உண்டு. சஃபீரின் ஆடி இரண்டு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் ஒரு முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பூமியைப் பார்த்த கையோடு இன்னும் இரண்டு இடங்களை அது பார்த்துக்கொள்ளும். ஒன்று வெட்டவெளி ஆகாசம். அதன் குளிர் எவ்வளவு என்பது தெரிந்த சங்கதி. மற்றொன்று தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு பொருள். அதன் சூடும் அளந்து தெரிந்தது. தெரிந்த குளிரையும் தெரிந்த சூட்டையும் பக்கத்தில் வைத்துத்தான் தெரியாத பூமியின் அளவு சரிபார்க்கப்படும். ஒவ்வொரு முறையும், பத்தாண்டுக் காலமும்! வயதாக ஆகக் கருவியின் உணர்ச்சி மழுங்கும். அந்த மழுங்கலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள இதுதான் வழி. எனக்குத் தெரிந்த மனிதர்களில், நான் உள்பட, வயது ஏற ஏறத் தன் அளவுகோலைச் சரிபார்க்கும் வழக்கம் தேய்ந்துகொண்டுதான் போகிறது. இருக்கட்டும். சொல்ல வந்தது இதுவல்ல.

பத்திரிகையில் என்னைப் பிடித்து நிறுத்திய விவரம் இது: வேலை முடிந்தபோது அந்தக் கோளில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது கேள்வி.

ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு உயரத்தில் விட்டால் அது தானாகக் கீழே வர நூறாண்டுக்கு மேல் ஆகும். அதை அனுப்பியவர்களும் திட்டம் போட்டவர்களும், இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் படிக்கிறவர்களும், ஒருவரும் அப்போது இருக்க மாட்டோம். கப்பல் போன்ற அந்த ஆகாசத்தில் ஒரு டன் இரும்பு கூடுதலாக மிதந்தால் நமக்கென்ன?

நமக்கென்ன என்று இருந்ததால் நடந்தவை உண்டு. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, சைபீரியாவுக்கு மேலே, 790 கிலோமீட்டர் அளவிலான உயரத்தில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் இரிடியம்-33 என்ற கோள் வேலை செய்துகொண்டே போய்க்கொண்டிருந்தது. ரஷ்யாவின் காஸ்மாஸ்-2251 அதன்மேல் மோதியது. காஸ்மாஸ் 1995-லேயே செயலற்றுப் போனது. பதினான்கு வருஷத்துக்கு முன் செத்தது, உயிரோடு இருந்ததை அடித்துக் கொன்றது! இரண்டும் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. அந்தத் துண்டுகளுக்கு இனி யார் பொறுப்பு?

இன்னும் பழைய கதை, 1979-இல் விழுந்த ஸ்கைலாப். எழுபத்தேழு டன் எடையுள்ள அமெரிக்க விண்வெளி நிலையம். மேலே ஏற்றத் தெரிந்தவர்களுக்கு அதைக் கீழே இறக்க வழி இல்லை. எங்கே விழும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. அந்த ஜூலை மாதத்தில் நம் நாட்டில் பரவிய பீதி என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது விடுமுறைக்கு உத்திரமேரூர் வந்திருந்தேன். ஊரெல்லாம் கூரைக்குள் முடங்கிக் கிடந்த இரவில் பெரியப்பா மாத்திரம் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் போட்டுப் படுத்தார். "என் தலைமேலே விழுந்தா உங்க பாடுதான்டா திண்டாட்டம். நிலம் எங்கே இருக்குன்னுகூடத் தெரியாம நிப்பீங்க" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஸ்கைலாப் ஜூலை 11-ந் தேதி இந்து மகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாக விழுந்தது. குப்பை போட்டதற்காக அங்குள்ள எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகத்தார் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். வேடிக்கைக்குச் செய்ததுதான் என்றாலும், அந்த வேடிக்கையில் ஒரு நியாயம் இருக்கிறது.

மேகா-டிராபிக்ஸை வைத்திருந்தவர்கள் அப்படி விடவில்லை. 2022 ஆகஸ்டிலிருந்து இருபது தடவை எந்திரத்தை இயக்கிச் சிறிது சிறிதாக அதன் பாதையைத் தாழ்த்தினார்கள். சுலபமான காரியம் அல்ல. இப்படி இறக்குவதற்கென்று அது கட்டப்படவே இல்லை. ஒன்று பழுதானால் கைகொடுக்க என்று வைத்திருந்த மாற்று உறுப்புகள் பல முன்பே போய்விட்டன. இருப்பவையும் தளர்ந்த நிலை. பழகாத தாழ்ந்த பாதையில், காற்று உராயும் இடத்தில், அந்தக் கிழ உடம்பை நிலைகுலையாமல் நடத்திக்கொண்டு வரவேண்டும். மார்ச் 7-ந் தேதி மாலை, சுமார் இருபது இருபது நிமிஷமாக இரண்டு கடைசி இயக்கங்கள். மிச்சம் இருந்த எரிபொருளை, யாரும் குடியிராத கடற்பரப்பைப் பார்த்து இறங்குவதற்குச் செலவிட்டார்கள்.

ஆகவே, நான் கேட்க விரும்பும் கேள்வி: வேலை முடிந்த பிறகு கையில் மிஞ்சுகிற பலம் யாருடையது? அது உழைத்தவனின் சொந்தச் சொத்தா? அல்லது பின்னால் வருகிறவர்களுக்கு அவன் பட்ட கடனா?

சொந்தச் சொத்து என்று சொல்வதில் தப்பில்லை. முப்பது நாற்பது வருஷம் ஊருக்கும் பெண்டு பிள்ளைகளுக்கும் உழைத்தவன் மிச்ச நாளைத் தன் இஷ்டப்படி கழிக்கட்டுமே. கோயில் குளம் போகட்டும், திண்ணையில் சும்மா உட்காரட்டும். இதை மறுக்கிறவன் கல் நெஞ்சக்காரன். ஆனால் அவன் எழுந்து போன இடம் எப்படி இருக்கிறது? பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனானா, எச்சில் இலையை அப்படியே விட்டுப் போனானா? அபிமன்யுவுக்குச் சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்தது, வெளியே வரத் தெரியவில்லை என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவன் பதினாறு வயதுப் பையன், பாவம். எழுபது வயது அபிமன்யுக்களை என்ன சொல்வது?

பங்காளிகள் வரத் தாமதம் ஆயிற்று. கால் போன போக்கில் நடந்தவன் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்கள் அங்கே கருங்கல்லில் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இவற்றிலிருந்துதான். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று குழுக்கள். இதை மேடையில் முழங்குகிறவர்கள், குடத்துக்குள் ஓலை போக நிலமும் வீடும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதைச் சற்று விழுங்கிவிட்டுத்தான் முழங்குகிறார்கள். ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் ஓலை அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஆனாலும் அந்தச் சாசனங்களில் இரண்டு விதிகள் என்னை அன்று வெகு நேரம் நிற்க வைத்தன.

பதவிக் காலம் முந்நூற்றறுபது நாள். அதற்குப் பிறகு இறங்கிவிட வேண்டும். மூன்று ஆண்டு வாரியத்தின் பக்கமே வரக்கூடாது. இது ஒன்று. இரண்டாவது, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் இனி ஒருக்காலும் குடத்துக்குள் போகாது. அவன் பெயர் மாத்திரம் அல்ல. அவனுடைய தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு பெரிய ஜாபிதாவே போட்டு அவர்களையும் விலக்கியிருக்கிறார்கள்! என் பெரியப்பா அக்காலத்தில் இருந்திருந்தால், உடன்பிறந்த முறையில் என் தகப்பனார் அந்த வலையில் அகப்பட்டிருப்பார். கணக்குக் காட்டாமல் போவது ஒருவன் தனித்துச் செய்யும் பாவம் அல்ல, அது சுற்றத்தின்மேல் விழும் என்று அந்த ஊர்ச் சபையார் கண்டிருக்கிறார்கள். தண்டனையாக எழுதினார்களோ என்னவோ, வாழ்க்கையில் அது தானாகவே அப்படித்தான் விழுகிறது.

வயது வரம்பிலும் ஒரு சுவாரஸ்யம். 919-இல் முப்பது முதல் அறுபது என்று இருந்தது. இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய யாரோ ஒரு பெரியவர் சபையில் எழுந்து, "ஏன், எனக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதுகிறவனின் சபல புத்தி. சரித்திரக்காரர்கள் மன்னிக்கட்டும்.

இவர்கள் காத்த ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். வயிரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் விருதுப் பெயர். ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் சேரும். எடுக்காவிட்டால் பேரன் காலத்தில் ஏரி மேடாகிவிடும். தூர் எடுப்பதற்கென்று பொன் கொடுத்தவர்களின் செய்தியும் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கிறது. தன் ஆயுளில் தனக்குத் தட்டுப்படப் போகாத வண்டலுக்காகப் பொன் கொடுத்த மனிதர்கள்!

எங்கள் சிற்றூரில் இருப்பது அவ்வளவு பெரிய ஏரி அல்ல, ஒரு சித்தேரி. அதற்குக் கம்புகட்டி ஒருவர் இருந்தார். மதகைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுகிறவரைப் பல ஊர்களில் அப்படிச் சொல்வார்கள். கையில் எப்போதும் ஒரு கம்பு. 2014-ஆம் ஆண்டு ஆடி மாதம், நல்ல தெம்போடு இருக்கும்போதே, அந்த வருஷத்தோடு கம்பை வைத்துவிடப் போவதாக அவர் சொன்னார். வயது எழுபத்திரண்டு. பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னும் நாலு வருஷம் தாராளமா ஓடுமேய்யா, இப்ப என்ன அவசரம்?" என்றார்.

"ஓடும்ங்க. ஓடுற கால் இருக்கும்போதே கரையைக் காட்டிடணும். கால் போனப்புறம் வாயாலே காட்ட முடியாதுங்க" என்றார் அவர்.

சொன்னபடியே செய்தார். அந்தக் கார்த்திகை முழுவதும், அடுத்து வரப்போகிற இளைஞனை அழைத்துக்கொண்டு கரைமேல் நடந்தார். எங்கே நண்டு வளை விழும், எங்கே மண் இளகிக் கசியும், மதகுப் பலகையில் எது மழையில் உப்பிக்கொண்டு இறங்காது, கலங்கலில் தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டால் ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று காட்டிக்கொண்டே போனார். அந்தப் பையனுக்குப் பாதி நாள் சலிப்பு. செல்போனைப் பார்த்துக்கொண்டே நடப்பான். பெரியவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். காட்டிய இடத்தையே மறுநாளும் காட்டுவார்.

மறு வருஷம், 2015 நவம்பரில், காஞ்சீபுரம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயுள் மூன்றாண்டு என்று அனுப்பிய அந்த மேகக் கோள் ஐந்தாவது ஆண்டில் நம் தலைக்கு மேலே ஈரத்தை அளந்துகொண்டு போயிருக்கும். கீழே எங்கள் சித்தேரிக் கரையில் நடு இரவில் ஓர் இடம் கசிந்தது. பெரியவர் காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. பையன் ஆட்களைக் கூட்டிப் போய் மணல் மூட்டை அடுக்கினான். பெரியவர் அப்போது காய்ச்சலாகப் படுத்திருந்தார். எழுந்து வர முடியவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே நாங்கள் எதிர்பார்த்ததில் ஏதோ கொஞ்சந்தான் இருந்தது. 1994 வரையில் தீர்வை ரசீதுகள், வருஷ வாரியாகக் கட்டி, ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு சில துண்டுக் காகிதங்கள். யார் கையெழுத்து என்று தெரியாத ஒரு பற்றுச் சீட்டு. அடியில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. ஆவலோடு பிரித்தோம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே, பெரியப்பாவின் அழகான எழுத்தில், 'குடும்ப நிலங்களின் விவரம்' என்று தலைப்பு. பிறகு ஒன்றும் இல்லை. நோட்டு முழுவதும் வெள்ளை.

"அஞ்சாறு வருஷத்துக்கு முந்தி காஞ்சீபுரம் போனப்போ வாங்கியாந்தாரு. நாளைக்கு எழுதறேன், நாளைக்கு எழுதறேன்னு…" என்று பெரியம்மா தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவர் எத்தன் அல்லர். ஒரு காசு எங்களை ஏமாற்றியவர் அல்லர். ஞாபக சக்தி கடைசி வரையில் குன்றவே இல்லை, அதுதான் வினையாயிற்று. ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பார். எல்லாம் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம், பலம் இருக்கிறது என்ற தைரியம், அவரை எழுத விடவில்லை. எழுதிவிட்டால் தம்மை யாரும் கேட்க வரமாட்டார்கள் என்ற பயமும் உள்ளே இருந்திருக்குமோ? விவரம் சொல்லிவிட்ட பெரியவரிடம் அப்புறம் யார் வந்து உட்காருகிறார்கள்? நாங்கள் அவரைப் பார்க்க வந்தபோதெல்லாம் நிலத்தைப் பற்றிக் கேட்கத்தானே வந்தோம்?

மாலையில் பெரியம்மாவிடம் அந்தச் செயற்கைக் கோளின் கதையைச் சொன்னேன். நான் எதைக் குத்திக்காட்டுகிறேன் என்று அவள் உடனே புரிந்துகொண்டாள்.

"அப்போ வயசானதையெல்லாம் கடல்லே கொண்டு தள்ளிடணும்கிறியா?" என்றாள்.

எண்பத்து நாலு வயதுக்காரி கேட்கிற கேள்விக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொல்ல முடியாது. அவள் பயம் நியாயமானது. நான் சொல்கிற இந்த நியாயத்தை நாளைக்கே ஒரு பிள்ளை எடுத்துத் தன் தகப்பனிடம் நீட்டலாம்: 'கணக்கைக் கொடு, சாவியைக் கொடு, நகர்ந்துகொள்.' அப்படி நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாவி கை மாறிய மறு மாதமே பெரியவரின் கட்டில் கொல்லைப்புறத்துக்குப் போன வீடுகள் இந்தத் தெருவிலேயே உண்டு. அதைத் தெரிந்து வைத்திருக்கிற கிழவன் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு படுப்பதில் ஆச்சரியம் என்ன?

பெரியம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்: "அதை யாரும் தள்ளலே பெரியம்மா. வேலை முடிஞ்ச பிற்பாடும் ஏழு மாசம் கூடவே இருந்து, கையைப் பிடிச்சு இறக்கினாங்க. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் அது சொல்றதைக் கேட்டுக்கிட்டு ஆளுங்க உட்கார்ந்திருந்தாங்க."

"உங்க பெரியப்பாகிட்டே யாரு அப்படி உட்கார்ந்தா?" என்றாள் அவள்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. காஸ்மாஸைப் போல அவர் எங்கள்மேல் வந்து மோதினார் என்று காலையில் திண்ணையில் உட்கார்ந்து எண்ணியவன் நான். அதை ஏற்றி அனுப்பியவர்கள் பதினான்கு வருஷம் அதன் பக்கம் போகவில்லை என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எரிபொருள் கோளில் இருந்தது. ஆனால் இறங்கு என்ற கட்டளை கீழேயிருந்துதான் போக வேண்டியிருந்தது. கம்புகட்டிக்குக் கரையோரம் கூட நடக்க ஒரு பையன் இருந்தான், சலித்துக்கொண்டாவது. எங்களில் ஒருவன் ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வந்து, அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க பெரியப்பா, எழுதிக்கிறேன்" என்று உட்கார்ந்திருந்தால்? வரவில்லை. ஆளுக்கொரு வேலை. எனக்கு எழுத வேண்டிய தொடர்கதை.

எதிர்பார்த்தபடியே நிலத் தகராறு கோர்ட்டுக்குப் போய்விட்டது. அந்தப் பற்றுச் சீட்டுக்காரரின் பேரன் ஒருவர் ஒன்றரைக் காணிக்குப் பாத்தியதை கொண்டாடுகிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். யாருக்குத் தெரியும்? நானும் என் பெரியப்பா மகனும் முன்போலப் பேசிக்கொள்வதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பெரியம்மா அந்த வெள்ளை நோட்டை என் கையில் கொடுத்தாள். "எழுதறவன் நீ. வீணாப் போகவேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். நல்ல காகிதம். தலைப்பெழுதிய முதல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி எழுதும்போது வெளியூரிலிருந்து என் மகன் டெலிபோனில் கூப்பிட்டான். வீட்டுப் பத்திரம் எந்தப் பாங்கு லாக்கரில் இருக்கிறது, என் பழைய புத்தகங்களின் உரிமை ஒப்பந்தங்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டான். கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.